எத்தனை கிலோ ஏற்றுவீர்கள்?

ஒஸ்லோவில் பிக்கப் வைத்திருக்கும் ஒருவர் அதன் பின்புறப் பட்டை ஸ்பிரிங்கை மாற்றப் போனால், கடையில் அவரிடம் முதலில் கேட்பது "எவ்வளவு உயர்த்த வேணும்?" என்பதுதான். 40 மில்லிமீற்றரா, 50 மில்லிமீற்றரா, இன்னும் கூடவா? வாகனத்தில் என்ன ஏற்றுகிறீர்கள், எத்தனை கிலோ ஏற்றுகிறீர்கள், கிழமையில் எத்தனை நாள் வெறுமையாக ஓடுகிறீர்கள் என்று கேட்க ஆளில்லை. பாரம் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட பொருளைப் பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் விற்கிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிகிறது.

நான் ரைல்ஸ் பதிக்கிறவன். குறூருட் பள்ளத்தாக்கில் குடியிருப்பு, ஆல்னாபுறூவில் சாமான் எடுப்பு, நகரம் முழுக்க வேலை. 60க்கு 60 சென்ரிமீற்றர் தரை ரைல்ஸ் நான்கு அடங்கிய ஒரு பெட்டி 30 கிலோவைத் தாண்டும். சதுர மீற்றருக்கு 22 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குளியலறைக்குத் தரை ஐந்து சதுர மீற்றர், சுவர் இருபது. அதுவே 550 கிலோ. ஒட்டும் பசை மூட்டைகள் இன்னொரு 100 கிலோ. வெட்டும் மெசின், கலக்கும் மெசின், வாளி, மட்டம் பார்க்கும் சாமான்கள் எல்லாம் சேர்ந்தால் 700 கிலோவுக்கு மேலே போய்விடும். இது ஒரு வேலையின் முதல் நாள் காலை. அடுத்த நான்கைந்து நாள் அதே வாகனம் ஆயுதங்களோடு மட்டும் ஓடும். சனி, ஞாயிறு பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு இறக்கப் போகும்போது பின்பெட்டி வெறுமை. கோடையில் அம்மெரூட் முருகன் கோயில் தேர்த் திருவிழா என்றால் அரிசி மூட்டையும் கிடாரமும் ஏறும்.

இதுதான் என் வாகனத்தின் வாழ்க்கை. இதற்கு எந்த ஸ்பிரிங் பொருந்தும் என்பதுதான் என் கேள்வி.

நான் போன கடையில் சுவர் நிறையப் படங்கள். சிவப்பு மண்ணில் பாயும் பிக்கப், ஆற்றுக்குள் இறங்கிய பிக்கப், பாறை மேல் ஒற்றைச் சில்லைத் தூக்கி நிற்கும் பிக்கப். ரைல்ஸ் பெட்டி ஏற்றிய ஒரு பிக்கப்பின் படம் அங்கே இருக்கவில்லை. பிறகு நம்முடைய ஆள், கராச்சில் வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் கேட்டேன்.

"அண்ணை, ரெண்டு இஞ்சி தூக்கிவிட்டா வாகனம் நிக்கிற நிலையே வேற. இப்ப எல்லாரும் தூக்கித்தான் வைச்சிருக்கினம்."

"தம்பி, நான் எழுநூறு கிலோ ஏத்துறனான். அதுக்கு எந்தப் பட்டை?"

"அதுக்கு ஹெவி எண்டு ஒண்டு வருது. அதைப் போடுங்கோ."

"ஹெவி எண்டா எத்தினை கிலோ?"

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இலக்கம் ஒன்று இருந்தது, அது கடைப் பட்டியலின் இலக்கம். பிழை அவருடையதல்ல. அவர் கைக்கு வரும் பெட்டியிலேயே அது எழுதப்படவில்லை.

இவ்வளவுக்கும் இது பெரிய விஞ்ஞானமில்லை. ஒரு ஸ்பிரிங்கின் வலு என்பது, அதை ஒரு மில்லிமீற்றர் அமுக்க எத்தனை கிலோ வேண்டும் என்பதுதான். ஒரு பக்கப் பட்டையின் வலு மில்லிமீற்றருக்கு 5 கிலோ என்று வைப்போம். 700 கிலோ ஏற்றினால் பக்கத்துக்கு 350. வாகனத்தின் பின்புறம் 70 மில்லிமீற்றர் இறங்கும். வலு 7 கிலோ என்றால் 50 மில்லிமீற்றர்தான் இறங்கும். இரண்டாவதைத்தானே வாங்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் வெறுமையாக ஓடும்போது அந்த 7 கிலோப் பட்டை வாகனத்தை வினாடிக்கு இரண்டு தடவைக்கு மேல் குலுக்கும். குடியிருப்பு வீதிகளில் அடிக்கொரு வேகத்தடை. பனி உருகும் பங்குனி, சித்திரையில் நிலத்தடி உறைபனி பொருமி எழுந்து தார் வீதியையே அலை அலையாக்கிவிடும். நகர நடுவில் கல் பாவிய தெருவும் ட்ராம் தண்டவாளமும். வெறும் பெட்டியோடு இவற்றின் மேல் ஓடினால் முதுகெலும்பு ஒவ்வொன்றாய்ப் பேசும். ஆகவே எனக்கு வேண்டியது நடுவில் எங்கேயோ இருக்கிறது. அந்த நடுவைக் கண்டுபிடிக்க ஒரு எண் வேண்டும். அந்த ஒரு எண்ணைத்தான் தர மாட்டேன் என்கிறார்கள்.

எண்ணைத் தருகிற கம்பனிகள் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் ஈமு, நிரந்தரமாக ஏறியிருக்கும் பாரத்தை வைத்தே தன் ஸ்பிரிங்குகளைப் பிரித்துப் பட்டியலிடுகிறது. பாரமில்லாதவருக்கு ஒன்று, 300 கிலோ எப்போதும் ஏறியிருப்பவருக்கு ஒன்று என்று. ஆனால் அங்கேயும் "நிரந்தரம்" என்ற சொல்லில்தான் என் பிரச்சினை நிற்கிறது. பின்பெட்டியில் கூடாரமும் தண்ணீர்த் தொட்டியும் பூட்டிக்கொண்டு பாலைவனம் சுற்றுகிறவருக்கு நிரந்தரப் பாரம் உண்டு. திங்கள் 700, செவ்வாய் 80 என்று ஓடும் தொழிலாளிக்கு அது எங்கே? நாமக்கல், திருச்செங்கோட்டுப் பட்டறைகளில் லொறிக்குப் பட்டை கூட்டுகிறவர்கள் முதலில் லோடைத்தான் விசாரிப்பார்கள். நெல்லா, கல்லா, போர் போடும் ரிக்கா என்று அறியாமல் ஒரு பட்டையையும் தொட மாட்டார்கள். அந்தச் சின்ன விசாரிப்பு இந்தப் பளபளப்பான கடைகளில் காணாமல் போய்விட்டது.

உயர்த்துகிற பழக்கத்துக்குச் சில இடங்களில் நியாயமான காரணம் உண்டு. ஐஸ்லாந்தில் 1990 இல் தொடங்கிய ஆர்க்டிக் ட்ரக்ஸ் நிறுவனம் பனிமேல் ஓடுவதற்காக ஹைலக்ஸை உயர்த்தி அகன்ற ரயர் போடுகிறது. அவர்களுடைய ஏ.டி.35, ஏ.டி.38, ஏ.டி.44 என்ற பெயர்களில் வரும் எண்களே ரயரின் அங்குல அளவுதான். அந்த வாகனங்கள் அன்ராட்டிக்காவிலும் ஓடுகின்றன. அவர்களுக்கு உயரம் ஒரு தேவை, அதற்கேற்ப வாகனம் முழுவதையும் மாற்றியமைக்கிறார்கள். என் தேவை ஆல்னாபுறூவிலிருந்து மயோர்ஸ்துவா வரை. நான் நுழைய வேண்டிய நிலத்தடி வாகனத் தரிப்பிடங்களில் உயர எல்லை இரண்டு மீற்றரைச் சுற்றித்தான் இருக்கிறது. பின்பெட்டிக் கூடும் ஏணித் தாங்கியும் உள்ள வாகனத்தை இன்னும் 50 மில்லிமீற்றர் தூக்கினால் நான் எங்கே போய் நிறுத்துவது? ஒவ்வொரு பெட்டியையும் கையால் நானே மேலே ஏற்றுகிறேன் என்பதையும் யாராவது யோசித்தார்களா?

அதைவிடப் பெரிய விஷயம் பிரேக். பழைய ஹைலக்ஸ் பலவற்றில் வாகனத்தின் அடியில் படுத்துப் பார்த்தால், பின் அச்சிலிருந்து அடிச்சட்டத்தை நோக்கி ஒரு மெல்லிய இரும்புக் கம்பி போகும். அதன் மேல் நுனியில் பிரேக் எண்ணெயைக் கட்டுப்படுத்தும் சிறு வால்வு. பாரம் ஏறி வாகனம் தாழ்ந்தால் கம்பி வால்வைத் தள்ளும், பின் சில்லுகளுக்குக் கூடப் பிரேக் கிடைக்கும். வெறுமையாய் உயர்ந்து நின்றால் குறைத்துக் கொடுக்கும், பின் சில்லு பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க. இப்போது உயரமான பட்டையைப் போட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? பாரம் ஏறிய பிறகும் வாகனம் உயரத்தில் நிற்கும். வால்வு அதை வெறும் வாகனம் என்றே எடுத்துக்கொள்ளும். 700 கிலோ ரைல்ஸோடு, பனி படிந்த துறொண்ட்ஹைம் வீதி இறக்கத்தில், பின் பிரேக் பாதிப் பலத்தில். நான் விசாரித்த இடங்களில் இதை ஒருவர்கூடத் தானாக எடுத்துச் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். முன்புறத்தை உயர்த்தினால் ஹெட்லைற் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும், சில்லின் கோணம் மாறும், முன் அச்சின் மூட்டுகள் சரிந்து வேலை செய்து சீக்கிரம் தேயும் என்பதும் அப்படித்தான், கேட்டால் மட்டும் "ஓம், அதுவும் இருக்கு" என்பார்கள்.

வீதிச் சட்டத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையும் சேர்ந்தே விற்கப்படுகிறது. பலமான ஸ்பிரிங் போட்டால் கூட ஏற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நோர்வேயில் ஸ்பிரிங் மாற்றியதால் மட்டும் பதிவு அட்டையில் உள்ள மொத்த எடை ஒரு கிலோகூடக் கூடாது. அச்சுக்கு இவ்வளவு என்று எழுதியிருப்பதும் மாறாது. சாதாரண பி வகுப்பு அனுமதிப்பத்திரத்தோடு டீசல் பிக்கப் ஓட்டுகிறவருக்கு 3,500 கிலோ என்ற கோடும் இருக்கிறது. வீதியோரத்தில் மறித்து எடைபோட்டால், ஸ்பிரிங் எவ்வளவு நிமிர்ந்து நின்றாலும் தராசு தராசுதான். கூடுதலைக் கீழே இறக்க வேண்டிவரும், தண்டமும் வரும். வாகனம் தாழாமல் நிற்பதால் கூடப் பாரம் ஏறியிருப்பது ஓட்டுகிறவருக்கே தெரியாமல் போவது இன்னொரு ஆபத்து. உயரத்தையும் அமைப்பையும் மாற்றும் வேலைகளுக்கு நோர்வே வீதி நிர்வாகம் ஆவணம் கேட்கும். பொருளோடு அந்தக் கடதாசி வருகிறதா என்பதைக்கூட நாமேதான் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காற்றுப் பைகளைப் போடு என்றார் இன்னொருவர். அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்து, பாரத்துக்கு ஏற்பக் காற்றடிக்கும் இறப்பர் பை. மாறி மாறி ஓடும் என்னைப் போன்றவனுக்கு இதுதான் பொருத்தம் என்று முதலில் தோன்றியது, யோசனை இன்னும் முற்றாகப் போகவில்லை. ஆனால் பட்டை ஸ்பிரிங் பாரத்தை இரண்டு முனைகள் வழியாகச் சட்டத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறது. காற்றுப் பை ஒரே புள்ளியில் நின்று தள்ளுகிறது. இரட்டைக் கதவுப் பிக்கப்பில் பின்பெட்டியின் பெரும்பகுதி அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும். அங்கே பாரத்தைக் குவித்து, கூடவே இழுவைப் பெட்டியும் கொளுவிக் குழியில் விழுத்தினால் சட்டமே வளைந்துவிடலாம். ஆஸ்திரேலியாவில் இப்படி வளைந்த சட்டங்களைப் பற்றிப் பெரிய வாதமே நடந்திருக்கிறது. அதோடு இந்த ஊர்க் குளிர். 20 பாகைச் சூடான கராச்சில் 2 பார் காற்றடித்துவிட்டு, சைபருக்குக் கீழே 15 பாகையில் வெளியே நிறுத்தினால் அது 1.6 பாராக இறங்கிவிடும். காற்று கசியவே தேவையில்லை, குளிர் மட்டும் போதும். அதைக் கருத்தில் எடுத்த ஒரு அட்டவணையைக் காட்டுங்கள் என்றேன். இல்லை.

ஷொக் அப்சோபர் விஷயமும் இதே கதைதான். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்குவது ஷொக். ஸ்பிரிங்கை வலுப்படுத்தினால் அது திரும்பி எழும்பும் வேகத்தை அடக்க ஷொக்கும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். பில்ஸ்டைன், கோனி போன்ற பழைய கம்பனிகளின் பெயரைச் சொல்லி விலையைச் சொல்கிறார்கள். நல்ல பொருட்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் எந்த வலுவுள்ள பட்டைக்கு எது என்று கேட்டால் "உங்கட மொடலுக்குப் பொருந்தும்" என்ற ஒரே பதில். ஓட்டை பொருந்துவதையா நான் கேட்டேன்?

இனி உப்பு. இந்த நகரத்து வீதிகளில் மாரி முழுக்க உப்புத்தான். பட்டைகளுக்கு நடுவே அது போய் உட்கார்ந்து துருவாகி, ஒன்றையொன்று வழுக்க வேண்டிய பட்டைகளை ஒரே கட்டியாக இறுக்கிவிடும். ஊரில் நல்ல பட்டறைக்காரர் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு பட்டையையும் சுரண்டிக் கிறீஸ் பூசி மறுபடி கட்டுவார். இங்கே அவிழ்க்கவே முடியாமல் யூ போல்ட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக் கூலி, புது போல்ட், புது புஷ், கோணம் பார்த்தல் எதுவும் கடையில் சொல்லும் விலைக்குள் இல்லை. ஜெர்மனியிலிருந்து மலிவாக எடுப்பிக்கலாம் என்றால் பொருளுக்கும் அனுப்புகூலிக்கும் சேர்த்து 25 வீத வரி வந்து நிற்கும். பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவது தனிப் போராட்டம். அதனால்தான் பரிசோதித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்கு வசதியில்லை. முதல் தடவையே சரியானதை வாங்க வேண்டும், அதற்கு அந்த எண் வேண்டும்.

இப்போது என் வாகனத்தின் பின் பட்டை தளர்ந்துவிட்டது. 700 கிலோ ஏற்றினால் வேகத்தடையில் அச்சு மேலே வந்து இறப்பர்க் கட்டையில் இடிக்கிறது. இறக்குமதியாளருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்: வலு மில்லிமீற்றருக்கு எத்தனை கிலோ, 700 கிலோவில் எவ்வளவு இறங்கும், பிரேக் கம்பிக்கு என்ன செய்ய வேண்டும். பதிலாக வந்தது விலைப்பட்டியல். மறுபடி எழுதியிருக்கிறேன். அது வரும்வரை ஒரு குளியலறைச் சாமானை இரண்டு நடையாகப் பிரித்து ஏற்றுகிறேன். டீசலும் இரண்டு மடங்கு, ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்ப முடியாவிட்டால் நகரத்துச் சுங்கமும் இரண்டு தடவை. வேலை காலை ஏழு மணிக்குப் பதிலாக ஒன்பதுக்குத் தொடங்குகிறது. அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.