கருவைப் பற்றிய சண்டை வாடிகனுக்கு மட்டும் சொந்தமா?

மனிதக் கருவை ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா என்ற பேச்சு வந்தால், படித்தவர்கள் மத்தியில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "அது கிறிஸ்தவ நாடுகளின் தலைவலி. நம் நாட்டில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, சட்டமும் இருக்கிறது. செயற்கைக் கருத்தரிப்பில் மிஞ்சி எப்படியும் வீணாகப் போகிற கருதானே, விஞ்ஞானிகள் வேலையைப் பார்க்கட்டும்." 2001 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் புஷ், கருவிலிருந்து செல்களை எடுத்து ஆய்வகத்தில் பெருக்கும் ஸ்டெம் செல் வரிசைகளில் அதுவரை உருவாகியிருந்தவற்றுக்கு மட்டுமே அரசுப் பணம் கிடைக்கும் என்று அறிவித்தார். தகுதியானவற்றின் பட்டியலில் மும்பை ரிலையன்ஸ் லைஃப் சயின்சஸும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இடம்பெற்றன. கிறிஸ்தவ நாடுகளின் தலைவலி என்ற பேச்சுக்கு அந்தச் சமயத்திலேயே நல்ல மவுசு. கரு ஆராய்ச்சி கூடாது என்பது என் கட்சி அல்ல. வரம்போடு நடக்கட்டும் என்பவன்தான் நான். ஆனாலும் இந்தப் பதிலில் ஒரு வரிகூடத் தேறாது.

முதலில், "யாருக்கும் ஆட்சேபம் இல்லை" என்பது. திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லவே முடியாது. பாளையத்தில் ஜும்மா மசூதியும் பிள்ளையார் கோவிலும் புனித சூசையப்பர் பேராலயமும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. கருவுற்ற கணத்திலிருந்தே கருவை ஒரு மனித ஆளாக மதித்து நடத்த வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1987-ல் 'டோனும் விட்டே' ஆவணத்தில் சொன்னது. உறைய வைத்த கருக்களை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதை 2008-ல் மறுபடியும் மறுத்தது. அதை நம்புகிற வலியதுறை மீனவர் இந்த ஊர்க்காரர்தான். முஸ்லிம் அறிஞர்களில் பலர் 120-ஆம் நாளில் உயிர் ஊதப்படுகிறது என்கிறார்கள், 40-ஆம் நாள் என்பவர்களும் உண்டு. அதற்கு முன் கருவுக்கு எந்த மரியாதையும் வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிடவில்லை.

இந்துக்களுக்கு இதில் கருத்தே இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற வாதம். திருமந்திரத்தில் கர்ப்பக் கிரியை என்று ஒரு பகுதியே இருக்கிறது. இதே ஊரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தைக் கட்டி எழுப்பிய இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான், பிற்காலத்தில் ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் ஆழ்ந்து 2003-ல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். விந்தும் பெண்ணின் சோணிதமும் ஜீவனும் கருப்பையில் கூடினால்தான் அது கரு என்கிறது சரக சம்ஹிதை. ஜீவன் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது என்பவர் இதைக் காட்டலாம். கருப்பையையே பார்க்காமல் கண்ணாடித் தட்டில் கிடப்பது சரகர் சொன்ன கருதானா என்று எதிர்த்தரப்பும் கேட்கலாம். இரண்டும் நியாயமான வாசிப்புகள். அப்படியானால் சண்டை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்தது, "சட்டமும் இருக்கிறது" என்பது. சட்டம் சில வேலிகளைப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி கருவைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் சேமித்து வைக்கக் கூடாது. அதன்பின் அழிய விடலாம், அல்லது தம்பதியின் ஒப்புதலோடு பதிவு பெற்ற ஆய்வு நிறுவனத்துக்குத் தரலாம். ஆராய்ச்சிக்காக வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. ஆய்வகத்தில் 14 நாளுக்கு மேல் கருவை வளர்க்கக் கூடாது என்பதோ இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இருக்கிறது. அந்த 14 நாள், இங்கிலாந்தில் வார்னாக் குழு 1984-ல் வகுத்த எல்லை. உடலின் அச்சு தெரியத் தொடங்கும் வரை ஒரு கரு இரட்டையாகப் பிரியக்கூடும், எனவே அதுவரை அதை ஒரு தனி ஆளாகக் கொள்ள முடியாது என்பது அதன் பின்னால் இருக்கும் காரணம். எனக்கு அது ஏற்புடையதே. ஆனால் சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கம் 2021-ல் அந்தத் திட்டவட்டமான தடையைத் தளர்த்திவிட்டது. நாளை இங்கேயும் எல்லை நகரலாம். அதைப் பற்றி நம் மக்களோடு பேசியவர் யார்?

"தோல் செல்லிலிருந்தே ஸ்டெம் செல் எடுக்கிறார்களே, இனிக் கரு எதற்கு?" என்பவர்களும் உண்டு. ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006-ல் எலியின் செல்லில் தொடங்கிய அந்த முறைக்கு 2012-ல் நோபல் கிடைத்தது உண்மை. ஆனால் கரு ஏன் ஒட்டாமல் போகிறது, ஏன் தொடக்கத்திலேயே கலைகிறது என்பதைத் தோல் செல் சொல்லாது. மேலும், 2023-ல் விந்தும் முட்டையும் இல்லாமல் ஸ்டெம் செல்களைக் கொண்டே கருவைப் போன்ற மாதிரிகளை வளர்த்துக் காட்டினார்கள். பழைய கேள்வி இப்போது இன்னும் சிக்கலாகிவிட்டது.

கடைசியாக, "எப்படியும் வீணாகப் போவதுதானே." பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்தில் மனீஷா இனாம்தார் குழு 2009-ல் இரண்டு ஸ்டெம் செல் வரிசைகளைப் பதிவு செய்தது. தரம் குறைவு என்று ஒதுக்கப்பட்ட கருக்களிலிருந்து எடுத்தவை அவை. இரண்டும் உடன்பிறப்பு வரிசைகள், அதாவது ஒரே தம்பதியுடையவை. ஐந்தாம் நாள் கரு ஒரு கடுகளவுகூட இராது, நூறு சொச்சம் செல்கள். உள்ளிருக்கும் செல்கொத்தை எடுத்தால் அந்தக் கரு அங்கேயே முடிந்துபோகும். இத்தகைய ஆய்வை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதற்கு நியாயம் தருவது அந்தத் தம்பதி மனமறிந்து கொடுத்த சம்மதம். குப்பைக்குப் போகிறது என்பதே நியாயமாகிவிட்டால், சம்மதம் கேட்கவே அவசியமில்லையே.

அந்தச் சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது? நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து குழந்தைப்பேறு சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் வருகிறவர்கள் நிறைய. நான் பார்த்த ஒரு ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலம். மிச்சக் கருவை உறைய வைக்கவா, அழிக்கவா, ஆராய்ச்சிக்கா என்று மூன்று கட்டங்கள், எல்லாம் ஒரே பக்கத்தில். பத்து நாளுக்கு மேல் ஊசி போட்டு வயிறு உப்பிப்போன பெண்ணிடம் முட்டை எடுக்கப்போகும் காலையில் அதை நீட்டுகிறார்கள். குழந்தை கிடைக்குமா என்ற ஒரே நினைப்பில் இருக்கிறவள் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவாள். படிவம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும். ஆராய்ச்சிக்கான கேள்வியைச் சிகிச்சை முடிந்த பிறகு, சிகிச்சை தந்த மருத்துவர் அல்லாத ஒருவர் கேட்க வேண்டும். ஆய்வு தொடங்கும் முன் மனம் மாறினால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதும் அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்க வேண்டும்.