பதிவேட்டின் காவலரா, வாக்குரிமையின் வாயிற்காவலரா?

மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி யாருக்குக் கடமைப்பட்டவர்? 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 13ஏ பிரிவின்படி, மாநில அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் நியமிக்கும் மாநில அதிகாரி அவர். வாக்காளர் பட்டியலைத் தயாரிப்பதையும் திருத்துவதையும் ஆணையத்தின் கட்டுப்பாட்டின் கீழ் மேற்பார்வையிடுவது அவர் பணி. பட்டியலோ மக்களின் சொத்து. அதைப் பேணுவது ஒன்று. அதன் வாயிலில் நின்று யார் குடிமகன் என்று தீர்ப்பளிப்பது வேறொன்று.

பீகாரில் நடந்தது இரண்டாவது. 2025 ஜூன் 24 அன்று சிறப்புத் தீவிரத் திருத்தம் அறிவிக்கப்பட்டது. 2003 பட்டியலில் இடம்பெறாதோர் 11 வகை ஆவணங்களுள் ஒன்றைக் காட்ட வேண்டும் என்றனர். ஆதாரும் குடும்ப அட்டையும், ஆணையமே வழங்கிய வாக்காளர் அட்டையும்கூட அந்த 11இல் இல்லை! 7.89 கோடிப் பேர் இருந்த பட்டியல், ஆகஸ்ட் 1 வரைவில் 7.24 கோடியாகச் சுருங்கியது. விடுபட்ட 65 லட்சம் பேரின் பெயர்களைத் தனியே வெளியிட விதியில்லை என்று ஆணையம் உச்சநீதிமன்றத்தில் வாதிட்டது. காரணங்களோடு வெளியிடுமாறு ஆகஸ்ட் 14 அன்று நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரே அவை வெளிவந்தன. ஆதாரை ஏற்கச் செய்ததும் நீதிமன்றமே.

இறந்தோர் பெயரை நீக்க வேண்டாமா என்று கேட்கின்றனர். நீக்க வேண்டும், அதற்குச் சட்டத்தில் வழி முன்பே உண்டு. குடியிருப்பு மாறியவர், தகுதியற்றவர் என்று ஒருவரை நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. பட்டியலில் ஏற்கெனவே உள்ளவரிடம் குடியுரிமைக்குச் சான்று கேட்டு அலைக்கழித்த டெல்லி, மும்பை அதிகாரிகளின் நடைமுறையை லால் பாபு உசேன் வழக்கில் 1995லேயே உச்சநீதிமன்றம் நிராகரித்தது. 'திருத்தம்' என்ற தமிழ்ச் சொல்லுக்குப் பிழை களைந்து செம்மை செய்தல் என்று பொருள். உரியவரைக் கேளாமல் பெயரை அடிப்பது திருத்தமன்று, அழித்தல். வேலை தேடிச் சூரத்துக்கும் லூதியானாவுக்கும் சென்ற பீகார்த் தொழிலாளியே இதில் முதலில் அடிபடுபவர்.

மக்களிடம் ஆவணம் கேட்போர் தம் ஆவணங்களைக் காட்ட மறுப்பதுதான் விந்தை. அரியானா வாக்குச்சாவடிக் காணொளிகளை வழங்குமாறு பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றம் கூறிய சில நாட்களிலேயே, 2024 டிசம்பரில், மோடி அரசு தேர்தல் நடத்தை விதி 93ஐத் திருத்தி அவ்வழியை அடைத்தது. தேர்தல் வழக்கு இல்லையெனில் 45 நாட்களுக்குப் பின் காணொளிகளை அழிக்கலாம் என்று 2025 மே மாதம் தலைமைத் தேர்தல் அதிகாரிகளுக்கு ஆணையம் கடிதம் எழுதியது.

பட்டியல் பணியில் கடமை தவறும் அலுவலருக்கு 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்கிறது 32ஆம் பிரிவு. ஆனால் தேர்தல் ஆணையமோ தலைமைத் தேர்தல் அதிகாரியோ புகாருக்கு அனுமதி அளித்தால்தான் நீதிமன்றம் அதை விசாரிக்க முடியும். பூட்டும் சாவியும் ஒரே கையில்!

அக்டோபர் 27 அன்று இத்திருத்தம் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் உள்ளிட்ட 12 மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆகவே நமது கிளைகள் வாக்குச்சாவடிவாரியாக நீக்கப்பட்டோர் பட்டியலைப் பெற்று, வீடு வீடாக ஒப்பிட வேண்டும். தவறாக நீக்கப்பட்டவருக்காக 24ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடம் முதல் மேல்முறையீடும், தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாம் மேல்முறையீடும் செய்ய வேண்டும். ஒவ்வொரு மனுவுக்கும் எழுத்துவடிவில் பதில் கோருங்கள். பதிவேட்டின் காவலர் தம் கடமையை மறக்கும்போது, அதைக் காக்கும் பொறுப்பு உழைக்கும் மக்களின் கைக்கு வருகிறது.