ஒளிந்தால் ஒளியட்டும், விட்டுவிடுங்கள்!

சில மாதங்களுக்கு முன் டெங்கிலில் உள்ள எங்கள் வீட்டுக்கு என் தம்பி ஒரு டரண்டுலா சிலந்தியை வாங்கி வந்தான். கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஈர மண், ஒரு மரப்பட்டை, சின்னத் தண்ணீர்த் தட்டு. முதல் இரவே அது பட்டைக்கு அடியில் குழி தோண்டி இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் குழியின் வாயை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொண்டது. உணவாக விட்ட சுவர்க்கோழிப் பூச்சி இரண்டு நாளாகப் பெட்டிக்குள் உலாவியது.

"பார்க்கத்தானே காசு கொடுத்தேன்!" என்று தம்பி கரண்டியோடு வந்தான். தோட்டத்தில் பால்மரம் சீவிய எங்கள் பாட்டிதான் தடுத்தார். "பசிச்சா அதுவே வெளியே வரும். நோண்டாதே, ஐயா."

பாட்டி சொன்னதே சரி. டரண்டுலாவுக்கு எட்டுக் கண்கள் இருந்தும் பார்வை மங்கல்தான். கால்களிலும் உடலிலும் உள்ள மயிர்களால் அதிர்வை உணர்ந்தே அது உலகை அறிகிறது. காரில் குலுங்கிப் புது இடத்துக்கு வந்த அதற்கு முதல் தேவை மறைவிடம், சாப்பாடு பிறகுதான். தண்ணீர் இருந்தால், வளர்ந்த டரண்டுலா பல வாரங்கள், சில வேளை மாதக்கணக்கில்கூடப் பட்டினி தாங்கும்.

தோலுரிக்கும் காலம் நெருங்கினாலும் அது உணவை மறுக்கும், குழியை அடைக்கும். அப்போது தின்னாத பூச்சியை மறுநாளே எடுத்துவிட வேண்டும். புதுத் தோல் மிருதுவானது. பூச்சியே சிலந்தியைக் கடித்துவிடலாம். தோலுரிக்கும்போது அது மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டது என்று எண்ணித் தொட்டுவிடாதீர்கள்.

எங்கள் சிலந்தி ஐந்தாம் வாரம் பழைய தோலை வெளியே தள்ளிவிட்டு வந்தது. அன்று கரண்டி இறங்கியிருந்தால் அது பிழைத்திருக்குமா என்பது சந்தேகமே.

தம்பியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கைப்பேசியில் படம் எடுத்து நண்பர்களிடம் காட்டத்தான் நம்மில் பலர் இத்தகைய உயிர்களை வாங்குகிறோம். இந்தக் கண்ணாசை வீட்டுப் பெட்டியோடு நிற்பதில்லை, காடுவரை போகிறது. 2019இல் சரவாக்கைச் சேர்ந்த நீலக்கால் டரண்டுலா ஒன்று புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. உடனே, அதன் மாதிரிகள் முறையான அனுமதியின்றி நம் நாட்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டவை என்ற சர்ச்சை வெடித்தது. அழகாக இருப்பதே அந்த உயிருக்கு ஆபத்தாகிவிட்டது.

சிலந்தி வளர்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. பொறுமையைக் கற்றுத்தர இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஆனால், வாங்கும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: இது பண்ணையில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா? அதற்கு ஆவணம் உண்டா? பிறகு உங்களையே கேளுங்கள்: ஒரு மாதம் இது முகமே காட்டாவிட்டாலும் தினமும் தண்ணீர்த் தட்டை நிரப்புவேனா?

"மாட்டேன்" என்பது பதிலானால், தயவுசெய்து வாங்காதீர்கள்.