செல்லாக் காசு

வங்கிப் பணியில் இருந்த நாள்களில், உண்டியல் எண்ணிக்கைக்காகப் பல கோயில்களுக்குச் சென்றிருக்கிறேன். அறநிலையத் துறை அலுவலர் முன்னிலையில் முத்திரையை உடைத்து, மண்டபத்தில் விரித்த ஜமுக்காளத்தில் காணிக்கையைக் கொட்டுவார்கள். விபூதியும் குங்குமமும் படிந்த நோட்டுகள் எண்ணும் இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளும். கையால்தான் எண்ணியாக வேண்டும். மாலையில் விரல் நுனிகள் கருத்திருக்கும்.

என் மனத்தில் இன்றும் நிற்பவை மஞ்சள் துணி முடிச்சுகளே. அவிழ்த்தால் பதினொரு ரூபாயோ, இருபத்தொரு ரூபாயோ இருக்கும். 2011 ஜூன் 30 முதல் 25 காசு செல்லாது என்றானது. அதன் பின்னரும் அத்தகைய முடிச்சுகளில் அந்தக் காசுகள் வந்தன. செல்லாதவை என்று தனியே ஒதுக்கிக் குறித்துக்கொள்வோம். சற்றும் தயங்காமல் நானும் ஒதுக்கியிருக்கிறேன்.

மறு ஆண்டு என் தாயார் காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு மஞ்சள் முடிச்சு இருந்தது. காண்டாமிருகம் பொறித்த 25 காசுகள், மொத்தம் 48. 1991-இல் எனக்கு மஞ்சள் காமாலை கண்டபோது, சுவாமிமலை முருகனை வேண்டி, நாளுக்கு ஒன்றாக ஒரு மண்டலம் எடுத்து வைத்தவை. “நீ வந்து உன் கையால் போட வேண்டுமடா” என்பார். நான் வடக்கே மாற்றலில் இருந்தேன். விடுப்பு இல்லை என்பேன். விடுப்பு இருந்த ஆண்டுகளும் உண்டு.

இப்போது உண்டியலுக்கு அருகிலேயே க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். கணக்குக்கு அது நல்லதுதான்; வங்கிக்காரனாகிய நான் குறை சொல்லக்கூடாது. ஆனால் சிறப்பு தரிசனக் கட்டணம் செலுத்தியவர் முன்னே செல்ல, தருமதரிசன வரிசையில் தடியூன்றிய மூதாட்டி நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தேர்தல் வந்துவிட்டால் வேட்பாளருக்கு மாலையும் மரியாதையும். அவர் தொழுது முடிக்கும்வரை வரிசை நகராது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் எத்தனையோ ஆட்சிகள் வந்து போயின. பக்தர்களும் அறங்காவலர்களுமே கோயிலை நடத்த வேண்டும் என்பது என் கட்சி. பழைய அறங்காவலர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. கோயில் நிலத்தைத் தம் நிலமாக்கிக் கொண்டவர்களும் இருந்தார்கள். ஆதலால் யார் நடத்தினாலும் உண்டியல் வரவும் செலவும் கோயில் வாசலில் மாதந்தோறும் எழுதி ஒட்டப்பட வேண்டும். கிளைப் பொறுப்பில் இருந்தபோது நாள்தோறும் கணக்கை நேர்செய்யாமல் நான் வீடு திரும்பியதில்லை. சுவாமி சொத்துக்கு அதைவிடக் குறைந்த கவனம் ஏன்?

முடிச்சு பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பூஜை அலமாரியிலேயே இருக்கிறது. காசை மாற்றிப் பன்னிரண்டு ரூபாயாகப் போட்டுவிடலாம் என்கிறாள் என் மனைவி. எனக்கு மனம் ஒப்பவில்லை. அம்மா முடிந்ததை அவிழ்க்காமல் அப்படியே போடப்போகிறேன். அருகில் என் பங்கைத் தனியாகச் சேர்ப்பேன். எண்ண வரும் வங்கி இளைஞர் ஒதுக்கினால் ஒதுக்கட்டும்.

வரும் கார்த்திகையில் போவதாக உத்தேசம். சுவாமிமலையில் படிகள் 60. கையைப் பிடித்துக்கொள்ளப் பேரன் வருகிறேன் என்றிருக்கிறான்.