கழலும் செயினும் கறைபடாக் கைகளும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

விண்வெளி, அணுவாற்றல், செயற்கை நுண்ணறிவு என எத்தனையோ பெரும்பொருள்கள் இருக்க, எண்ணெய்க் கறை படிந்த மிதிவண்டிச் செயினைப் பற்றி ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இருக்கக்கூடும். அவர்களை ஒருநாள் காலை நம் கல்லூரியின் மிதிவண்டி நிறுத்துமிடத்திற்கு அழைக்கிறேன். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தவாறே முதல் பாடவேளைக்கு ஓடும் மாணவர் ஒருவரையேனும் அங்கே காணலாம். பெட்ரோலுக்குச் செலவிட வழியில்லாதவர்களே பெரும்பாலும் மிதிவண்டியில் வருகிறோம். அரை அங்குலக் கண்ணி ஒன்று பல்லைவிட்டு நழுவினால் நமக்கு ஒரு பாடவேளை போகிறது. வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாகிறது. நெரிசல் மிகுந்த சாலையாயின் அதற்கு மேலும் போகலாம்.

செயின் கழல்வது தலைவிதி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது விதியன்று, இயற்பியல் என்பது என் கருத்து. அதைத் தடுக்கும் அறிவை ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம். அந்த ஒரு மணி நேரத்தை நம் கல்வி நமக்குத் தரவில்லை. நாமும் கேட்கவில்லை.

மிதிவண்டி நாடு

மிதிவண்டி நம் ஊருக்குப் புதிதன்று. 1949இல் சென்னையில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் நம் பாட்டன்மார் காலத்துப் பெருமை. 1991-92ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் மிதிவண்டி ஓட்டவும் கற்றார்கள். எழுத்தறிவும் மிதிவண்டியும் சேர்ந்தால் ஒரு பெண்ணின் உலகம் எவ்வளவு விரியும் என்பதை அந்த மாவட்டம் நாட்டுக்கே காட்டியது. தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் மேல்நிலை வகுப்பின் பிற மாணவ மாணவியருக்கும் விரிவடைந்தது. நம் நிறுத்துமிடத்தில் நிற்கும் வண்டிகளில் பல பதினொன்றாம் வகுப்பில் கிடைத்தவையே.

வண்டி கிடைத்தது. ஓட்டவும் கற்றோம். அதைக் காப்பாற்றும் அறிவு மட்டும் நமக்கு வரவில்லை.

செயின் ஏன் கழல்கிறது?

முன்பக்கம் ஒரே பல்சக்கரம், பின்பக்கம் ஒரே ஃப்ரீவீல் கொண்ட சாதாரண வண்டியை எடுத்துக்கொள்வோம். என் வண்டியில் முன்னே 44 பற்கள், பின்னே 18. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ 2.4 சுற்றுச் சுற்றி வண்டியை 5 மீட்டர் முன்னே தள்ளுகிறது. நாம் மிதிக்கும்போது செயினின் மேற்பகுதி விறைப்பாக இழுபடுகிறது. கீழ்ப்பகுதி தொய்ந்து கிடக்கிறது.

செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் நீளம். நாளாக ஆக, செயின் ‘நீண்டுவிட்டது’ என்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் முளைகளும் அவற்றின் துளைகளும் தேய்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை இடைவெளி கூடுகிறது. நூறு கண்ணிகள் கொண்ட செயின் 50 அங்குலம் இருக்கும். அது நூற்றுக்கு ஒரு பங்கு தேய்ந்தால் அரை அங்குலம் கூடிவிடும்.

அரை அங்குலம்தானே என்று அலட்சியமாக இருக்கலாமா? பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு கணக்கிடுங்கள். இரண்டு பல்சக்கரங்களின் மையங்களுக்கு இடையே 18 அங்குலம் என வைத்துக்கொள்வோம். அந்த அரை அங்குலமும் கீழ்ப்பகுதியில் சேர்ந்து நடுவில் தொய்ந்தால், தொய்வு சுமார் 2 அங்குலம்! சிறு தேய்வு பெருந்தொய்வாக மாறும் கணக்கு இதுதான்.

இனி வேகத்தடைக்கு வருவோம். அதன்மேல் ஏறும்போது நாம் மிதிப்பதை நிறுத்திவிடுகிறோம். அப்போது செயினின் மேற்பகுதியும் விறைப்பை இழக்கிறது. வண்டி குலுங்குகிறது. தொய்ந்த செயின் பக்கவாட்டில் ஆடுகிறது. இறங்கியதும் ஓங்கி மிதிக்கிறோம். பல்லின்மேல் சரியாக அமராத கண்ணி அப்படியே வெளியே ஏறி நழுவிவிடுகிறது. பெடலைப் பின்னோக்கிச் சுற்றும்போதும் இதே கதைதான். தொய்ந்த கீழ்ப்பகுதி அப்போது பல்சக்கரத்திற்குள் நுழைகிறது. மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டப் பணிகளுக்காக மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் சாலைகள் தோண்டப்பட்டு, மாற்றுப் பாதைகளில் குலுங்கிக் குலுங்கிச் சென்ற நம் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொய்வு மட்டுமே காரணம் அன்று. முன்பல்சக்கரமும் ஃப்ரீவீலும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் செயின் ஒவ்வொரு சுற்றிலும் கோணலாக நுழையும். பின்சக்கரம் ஒருபக்கம் சாய்ந்து மாட்டப்பட்டிருக்கலாம். பெடல் அச்சின் குண்டுகள் தேய்ந்து பல்சக்கரம் தள்ளாடலாம். வண்டி கீழே விழுந்ததில் ஒரு பல் வளைந்திருக்கலாம். குறிப்பிட்ட ஒரே இடத்தில் ‘டக்’ என்ற ஓசை சுற்றுக்கு ஒருமுறை கேட்டால் பல்லையோ இறுகிப்போன ஒரு கண்ணியையோ ஐயுற வேண்டும்.

கையால் செய்யக்கூடியவை

பின்சக்கரத்தின் இரு நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தை இருபுறமும் சமமாகப் பின்னே இழுத்து, நேராக இருக்கிறதா என்று பின்னாலிருந்து கண்ணால் பார்த்து, மீண்டும் இறுக்க வேண்டும். செயினின் கீழ்ப்பகுதியை நடுவில் விரலால் அசைத்தால் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை ஆடலாம். பெடலை ஒரு முழுச்சுற்று மெல்லச் சுற்றி, எங்கே மிகவும் இறுகுகிறதோ அந்த இடத்தில்தான் இந்த அளவைப் பார்க்க வேண்டும். கழலக்கூடாது என்று வீணைத் தந்திபோல் இறுக்கிவிட்டால் அச்சின் குண்டுகள் தேயும், மிதிக்கவும் கனக்கும்.

செயினை அளப்பதற்கு ஓர் அடி அளவுகோல் போதும். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 12⅛ அங்குலம் ஆகிவிட்டால் செயினை மாற்றிவிடலாம். பற்கள் கூர்மையாகிக் கொக்கிபோல் வளைந்திருந்தால் புதுச்செயின் மட்டும் போட்டுப் பயனில்லை. பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டும். கடற்காற்றின் உப்பும் மணலும் சேரும் பெசன்ட் நகர், மயிலாப்பூர்ப் பகுதியினர் வாரம் ஒருமுறை பழந்துணியால் செயினைத் துடைத்து, உருளைகளில் துளித்துளியாக எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். வழியும் எண்ணெய் மணலைச் சேர்த்துச் செயினையே அரைக்கும்.

வழியில் கழன்றால் முதலில் சாலையோரம் ஒதுங்குங்கள். பின் ஃப்ரீவீலில் செயின் சரியாக அமர்ந்திருப்பதைப் பார்த்து, முன்பல்சக்கரத்தின் கீழ்ப்பற்களில் மாட்டி, பெடலைப் பின்னோக்கி மெல்லச் சுற்றினால் ஏறிக்கொள்ளும். பல்லுக்கும் செயினுக்கும் இடையே விரலை விடாதீர்கள். ஒரு குச்சி போதும்.

விலையுயர்ந்த வண்டிக்கும் இதே கவலை

விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கும் கியர் வண்டிகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு என்றால் வியப்பீர்கள். முன்பெல்லாம் அவற்றின் முன்பக்கம் இரண்டு மூன்று பல்சக்கரங்கள் இருக்கும். செயினை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கருவியே அதற்குக் காவலாகவும் நின்றது. முன்னே ஒரே பல்சக்கரம் போதும் என்ற நிலை வந்தபோது அந்தக் காவல் போயிற்று. 2012இல் ஸ்ராம் என்னும் அமெரிக்க நிறுவனம் ஒரு வழியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. செயினில் அகன்ற கண்ணியும் குறுகிய கண்ணியும் மாறிமாறி வருகின்றன அல்லவா? அதற்கேற்பப் பற்களையும் ஒன்று தடிப்பாக, ஒன்று மெலிதாக வெட்டினார்கள். தடித்த பல் அகன்ற கண்ணியை நிரப்பிப் பிடித்துக்கொள்ள, செயின் பக்கவாட்டில் நகர இடமில்லாமல் போயிற்று. இந்த ஏற்பாட்டில் பற்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தே தீரவேண்டும். ஏன் என்று கணித மாணவர்கள் சிந்தித்துப் பார்க்கலாம். அதோடு பின்பக்கம் ஒரு ஸ்பிரிங் எப்போதும் தொய்வை இழுத்துக்கொண்டிருக்கும். அங்கே ஸ்பிரிங் செய்யும் வேலையை நம் வண்டியில் நாமே ஸ்பேனரால் செய்ய வேண்டும். வேறுபாடு அவ்வளவுதான்.

கறையும் கௌரவமும்

“இதெல்லாம் மெக்கானிக் வேலை. படிக்கிற பையன் ஏன் செய்ய வேண்டும்?” என்பார் சிலர். இந்தக் கேள்வியை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். ஏனெனில் அதை என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் அம்மா மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குபவர். நான் வாசலில் வண்டியைக் கவிழ்த்து வைத்துச் செயினைத் துடைக்கும்போது அவர் முகம் வாடும். “இந்தக் கரி எல்லாம் எங்களோட போகட்டும்பா. நீ கையைக் கழுவிட்டுப் புஸ்தகத்த எடு” என்பார்.

அந்தச் சொல்லில் இருப்பது தொழிலின் மீது வெறுப்பன்று. தலைமுறை தலைமுறையாக வேறு வழியின்றிக் கறைபட்ட கைகளின் களைப்பு அது. அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் அம்மாவோடு இந்த ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. கறைபடும் வேலையை வேறு வழியின்றிச் செய்வது வேறு. அது இயங்கும் முறையை அறிந்து, விரும்பிச் செய்வது வேறு. உராய்வையும் விசையையும் கரும்பலகையில் பயின்று, அவை இரண்டும் நம் காலடியிலேயே இயங்கும்போது தெரியாததுபோல் கடைக்குத் தள்ளிச் செல்வோமானால், நாம் படித்தது எதற்கு? செயின் மாட்டத் தெரிந்த தொழிலாளியைவிடச் செயின் மாட்டத் தெரியாத பட்டதாரி உயர்ந்தவன் என்ற எண்ணம் நம்மோடு பட்டமும் பெற்று வெளியேறுமானால், அதுவல்லவா பெருங்கறை?

பழுதுபார்க்கும் தோழர்களின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. பெடல் அச்சுத் தள்ளாடினால், பல்சக்கரம் வளைந்தால் அவர்களிடம்தான் போக வேண்டும். இரவு எட்டு மணிக்குத் துரைசாமி சுரங்கப்பாதையின் ஏற்றத்திலோ திரு.வி.க. பாலத்தின் மீதோ நின்றுகொண்டு ஓங்கி மிதிக்கும் மாணவிக்குப் பக்கத்தில் கடை இருக்காது. செயின் நழுவிய நொடியில் பெடல் வெறுமையாய் இறங்க, உடல் முன்னே சரியும். பின்னால் ஒரு பேருந்து வந்தால் என்னாகும்? தொய்வை முன்கூட்டியே பார்க்கத் தெரிந்திருப்பது அவள் உயிருக்குக் காப்பு.

நாம் கேட்க வேண்டியவை

பெரிய செலவு எதையும் நான் கேட்கவில்லை. பள்ளியில் மிதிவண்டி வழங்கும் நாளிலேயே ஒரு மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் வண்டிக்கு ஏற்ற ஒரு ஸ்பேனரும் சேர்த்து வழங்கட்டும். நம் கல்லூரியில் நிறுத்துமிடத்தின் ஓரமாக ஒரு மேசை, இரண்டு ஸ்பேனர், ஓர் எண்ணெய்க் குப்பி, ஓர் அளவுகோல், காற்றடிக்கும் பம்பு ஆகியவை இருக்கட்டும். நாட்டு நலப்பணித் திட்ட நண்பர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே நிற்கட்டும். அப்பகுதியில் தொழில் செய்யும் அனுபவசாலி ஒருவரை அழைத்து, உரிய மதிப்பூதியம் தந்து, விருந்தினர் விரிவுரையாளருக்கு இடும் அதே நாற்காலியை அவருக்கும் இடுவோம். மாணவியர் முதல் வரிசையில் நிற்கட்டும்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். விசை, உராய்வு, பல்சக்கர விகிதம் ஆகியவற்றை நடத்தும் நாளில் ஒரு மிதிவண்டியை வகுப்பறைக்குள் கொண்டுவர இசைவளியுங்கள். வண்டியை நாங்கள் தருகிறோம். தரையைத் துடைக்கும் பொறுப்பும் எங்களுடையதே.

நண்பர்களே! அடுத்த முறை செயின் கழன்றால் அதைத் திட்டாதீர்கள். குனிந்து பாருங்கள். எங்கே தொய்ந்திருக்கிறது, எங்கே கோணியிருக்கிறது என்று அதுவே சொல்லும். கையில் படியும் கறை ஒரு துண்டுச் சோப்பில் போய்விடும். கற்றது நிற்கும்.