ஷூவும் நாம்லோவும்

இந்த வாரம் கடுப்பேற்றியது ஒரு விளம்பரம். நேபாளத்தின் அன்னபூர்ணா மலையடிவாரத்தில் பெண்களுக்கு மட்டுமான மலைப்பாதை ஓட்ட முகாம். காலையில் ஓட்டம், மதியம் தால் பாத் சமைக்கப் பழகலாம், சாயங்காலம் ஊர்ப் பெண்களோடு ஆட்டம் பாட்டம். எல்லாம் சரி. கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியலில் ஷூ மட்டும் இரண்டு ஜோடி! ஷூ கம்பெனிகளோடு எனக்கிருக்கும் வாய்க்கால் தகராறு இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குப் பழைய கதை. ஒரு ஜோடி விலைக்கு ஒரு குடும்பத்தின் மாத மளிகையே வாங்கிவிடலாம் என்று புலம்பியவளிடம் இரண்டு ஜோடி கேட்டால்?

உடன் வேலை பார்க்கும் தம்பிக்கு வேறு சந்தேகம். "அதென்னக்கா, பொம்பளைங்களுக்கு மட்டும்?" அன்னபூர்ணாவுக்கு அருகே போக்ராவில் விடுதி நடத்திய மூன்று செத்ரி சகோதரிகளைப் பற்றிச் சொன்னேன். மலையேறிவிட்டு வந்த பெண்கள், ஆண் வழிகாட்டிகளின் தொல்லையைச் சொல்லி அவர்களிடம் குமுறினார்கள். 1990களில் சகோதரிகள் உள்ளூர்ப் பெண்களையே வழிகாட்டிகளாகப் பழக்கத் தொடங்கினார்கள். தம்பி அதற்குமேல் பேசவில்லை.

என் கண் நின்றது விளம்பரப் படத்தில். வண்ண உடுப்பில் ஓடுகிறவர்களுக்கு வழிவிட்டு, ஓரமாக ஒதுங்கி நிற்கிறாள் ஒரு ஊர்க்காரி. முதுகில் மூங்கில் கூடை. அதற்கு டோக்கோ என்று பெயர். தோளில் பட்டை கிடையாது. கூடைக்கு அடியில் கொடுத்த கயிறு மேலே வந்து, அகலமான நாடாவாக உச்சந்தலையின் முன்பக்கம் பதிகிறது. அதுதான் நாம்லோ. பாரம் பெரும்பாலும் தலையில் இறங்கி, கழுத்து வழியாக முதுகெலும்புக்குப் போகிறது. கையில் டி வடிவக் குட்டைக் கம்பு, தோக்மா. களைத்தால் கூடையை இறக்குவதில்லை. அதன் அடியில் கம்பை முட்டுக்கொடுத்து நின்றபடியே மூச்சு வாங்கிக்கொள்வார்கள்.

எவரெஸ்ட் பக்கத்து நாம்சே சந்தைக்குச் சுமை கொண்டுபோகிறவர்களை வழியில் நிறுத்தி எடைபோட்ட ஆராய்ச்சி ஒன்று 2005இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதம் சுமந்தார்கள். பெண்கள் 66 சதவீதம். ஐம்பது கிலோ பெண் என்றால் முப்பத்துமூன்று கிலோ. பாதையோ ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பெரும் பாரத்தோடு செங்குத்தில் ஏறும்போது சில சமயம் 15 விநாடி நடை, 45 விநாடி ஓய்வு. கடிகாரம் பார்த்தா நடக்கிறார்கள்? உடம்பு கண்டுபிடித்த கணக்கு அது.

கிழக்கு நேபாளத்தின் போஜ்பூரில் பிறந்த மலைப்பாதை ஓட்டக்காரர் மீரா ராய்க்குச் சுமை தூக்குவது சின்ன வயதுப் பாடம். 12 வயதில் பள்ளியை விட்டு, அரிசி மூட்டை சுமந்தார். 14இல் மாவோயிஸ்டுப் படை. உள்நாட்டுப் போர் முடிந்து சமாதானம் வந்தபோது, வயது போதாதவர் என்று கழிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். 2014இல் காத்மாண்டுவில் பயிற்சி ஓட்டம் என்று நினைத்து, சாப்பாடுகூட எடுக்காமல் போனார். அது 50 கிலோமீட்டர் பந்தயம். பெண்களில் முதலிடம். அடுத்த ஆண்டு பிரான்ஸில் மோன் பிளாங் 80 கிலோமீட்டர் பந்தயத்தையும் வென்றார். இன்று தன்னைப் போன்ற கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தருகிறார். அன்னபூர்ணா மலைக்குப் போய் அங்குள்ள ஊர்ப் பெண்களை சாயங்கால ஆட்டத்துக்கு மட்டும் கூப்பிடுவது என்ன முகாம்? காலையில் முன்னால் ஓட வேண்டியவர்களே அவர்கள்தான்.

போகிறவர்கள் போய் வாருங்கள். பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஓட்டத்துக்கு வழிகாட்டுவது உள்ளூர்ப் பெண்ணா? உங்கள் பையைச் சுமப்பவருக்கு நாள் கூலி எவ்வளவு? பதில் வரவில்லையென்றால் வேறு முகாம் பாருங்கள். ஷூ ஒரு ஜோடி போதும்.