நாயும் நனைந்த காடும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (விலங்கியல்)

மனிதன் முதன்முதலில் பழக்கிய விலங்கு நாய். ஆடும் மாடும் வருமுன்னரே அது நம் வாசலுக்கு வந்துவிட்டது. குறிஞ்சி நிலத்து வேட்டுவனோடு நாயும் சென்றதைச் சங்கப் பாடல்களில் காண்கிறோம். நமக்கு அண்டையிலுள்ள திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டுக் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் மாண்டான். ‘கோவிவன்’ என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. 7-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிப் போற்றியது நம் தமிழகம்!

இத்தகைய நன்றியுள்ள பிராணியைக் காட்டுக்குள் உலாவ அழைத்துச் செல்வது தவறாகுமா? நம் கல்வராயன் மலையை முன்வைத்து இக்கேள்வியைச் சிந்திப்போம்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பின்னரும் மலையில் ஈரம் எளிதில் காய்வதில்லை. மேகம், பெரியார் அருவிகளைக் காண வெளியூரார் வருகின்றனர். சிலர் வளர்ப்பு நாயையும் உடன் அழைத்து வருகின்றனர். வந்ததும் சங்கிலியை அவிழ்த்து விடுகின்றனர். “சற்று ஓடட்டுமே, காட்டுக்கு என்ன குறைந்துவிடும்?” என்கின்றனர்.

குறையத்தான் செய்யும். ஈர மண்ணிலும் ஈரச் சருகிலும் மோப்பம் நன்கு தங்கும். புதரில் பதுங்கிய முயலும், தரையில் முட்டையிடும் கௌதாரியும் காடையும் நாயின் மூக்குக்குத் தப்புவது அரிது. நாய் எதையும் கொல்லாவிட்டாலும், அஞ்சியோடிய தாய்ப்பறவை திரும்பத் தாமதித்தால் முட்டை குளிர்ந்து கெடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், கொல்வதை மட்டுமன்றித் துரத்திப் பிடிக்க முயல்வதையும் வேட்டை என்றே கூறுகிறது.

நோயோ இதனினும் கொடியது. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் ‘டிஸ்டெம்பர்’ என்னும் நாய் நோயால் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள் மடிந்தன. சுற்றுப்புறக் கிராம நாய்களிடமிருந்தே அது பரவியதாக ஆய்வாளர் கருதினர். 2018-இல் நம் நாட்டின் கிர் காட்டிலும் சிங்கங்கள் அந்நோய்க்குப் பலியாயின. கல்வராயனில் சிங்கம் இல்லை என்று வாளாவிருக்கலாமா? நரிக்கும் அந்நோய் வரும், வெறிநோயும் வரும். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதனைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். பேருந்துக்கு நெடுந்தொலைவு நடக்க வேண்டிய மலைச் சிற்றூரில் நாய் கடித்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

மலைவாழ் மக்களின் நாய்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. சாமைக்கும் மரவள்ளிக்கும் இரவுக் காவல் அவைதாம். பிழைப்புக்கு நாய் வைத்திருப்பவரையும் பொழுதுபோக்குக்குக் கொண்டு வருபவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது. வந்தவர் மாலையில் ஊர் திரும்பிவிடுவார். அவர் விட்டுச் சென்ற நோய் மலையிலேயே தங்கிவிடும். அதன் விலையைக் கொடுப்பவர் மலைவாசியே.

“வாயில்லாப் பிராணியைக் கட்டி இழுப்பது கொடுமையல்லவா?” என்று கேட்கலாம். காட்டில் பன்றியின் கோரைப்பல்லுக்கும் பாம்புக்கும் உண்ணிக்கும் அதனை இரையாக்குவதுதான் கொடுமை. கையில் பிடித்த கயிறு நாய்க்கும் காவல், காட்டுக்கும் காவல்.

ஆகவே, தடுப்பூசி போடாத நாய் மலையேறக் கூடாது. ஏறிய நாய் கயிற்றை விட்டு விலகக் கூடாது. வேண்டாத நாயை அடிவாரத்தில் விட்டுச் செல்லும் இரக்கமற்ற செயல் அடியோடு ஒழிய வேண்டும். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமை வெள்ளிமலைப் பகுதியில் நடத்தி, கால்நடைத் துறையினரின் துணையோடு அங்குள்ள நாய்களுக்குத் தடுப்பூசி போடச் செய்தால் என்ன? கடித்த இடத்தைச் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை வீடுதோறும் சொல்வோம். விலங்கியல் பாடம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடலாகாது. நாயை நேசிப்போர் காட்டையும் நேசிக்கட்டும்!